பொருள்நோக்கு நிரலாக்கமும் நம் இளைஞரும்
(சங்க இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறி கற்றல் என்றால் விரைந்து தட்டச்சுச் செய்தலே என்னும் எண்ணம் நம் தெருக்களில் இன்னும் நிலவுகிறது. பிறர் வரைந்த படிவத்தை நிரப்புவது ஒரு வேலை. படிவத்தை வரைவது வேறொரு வேலை. முன்னதற்குக் கூலி மட்டும் உண்டு. பின்னதற்கு முடிவு செய்யும் உரிமையும் உண்டு. அந்த இரண்டாம் வேலைக்கு வாயிலாக அமைந்த பொருள்நோக்கு நிரலாக்கம் என்னும் முறையின் அடிப்படைகளை இன்று ஆராய்வோம். 2018-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியல் நூலில், சி பிளஸ் பிளஸ் மொழியின் வழியாக இப்பாடம் இடம்பெற்றுள்ளது. ஆகவே இது பட்டணத்துப் பிள்ளைகட்கே உரியது அன்று.

நிரல் என்பது கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு. பழைய முறையில் தரவுகள் ஒரு பக்கமும், அவற்றைக் கையாளும் கட்டளைகள் மற்றொரு பக்கமுமாகக் கிடந்தன. நிரல் பெருகப் பெருக, ஓரிடத்தில் செய்த திருத்தம் வேறோரிடத்தைக் கெடுத்தது. 1960-களில் நார்வே நாட்டின் ஓசுலோ நகரில் ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நைகார்டு என்னும் அறிஞர் இருவர் சிமுலா என்னும் மொழியைப் படைத்தனர். தரவையும் அதற்குரிய செயலையும் ஒன்றாகக் கட்டிப் 'பொருள்' ஆக்குவதே அவர்கள் கண்ட வழி. பின்னர் வந்த சி பிளஸ் பிளஸ், பைத்தான், ஜாவா ஆகிய மொழிகள் யாவும் அவ்வழியை ஏற்றன. அவ்விருவர்க்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அளிக்கப்பெற்றது.

இனி அடிப்படைக் கருத்துகளுக்கு வருவோம். கரும்பாலையில் வெல்லம் வார்க்கும் அச்சை நாம் அறிவோம். அச்சு ஒன்று, அதிலிருந்து எழும் வெல்லக்கட்டிகள் பல. அச்சைத் தின்ன இயலாது, கட்டியைத் தின்னலாம். நிரலில் அச்சுப்போல் நிற்பதைப் பாடநூல் 'இனக்குழு' என்கிறது. அதனின்று தோன்றும் ஒவ்வொன்றும் 'பொருள்'. இனக்குழு என்ற சொல்லைக் கேட்டுத் திகைக்க வேண்டா. இங்கு அது பிறப்பைக் குறிப்பதன்று. ஒரே அமைப்புடைய பொருள்களுக்குரிய வரைவையே குறிக்கும்.

நம் சங்கம் போன்றதொரு சங்கம் மாணவர் பதிவேட்டைக் கணிப்பொறியில் அமைப்பதாகக் கொள்வோம். 'மாணவர்' என்பது இனக்குழு. பெயர், வகுப்பு, செலுத்திய தொகை ஆகியன அதன் தரவுகள். தொகையைச் சேர்த்தல், கட்டணம் கணக்கிடல் ஆகியன அதன் செயல்கள். பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனிப் பொருள். ஒரு பிள்ளையின் தொகை கூடினால் மற்றொரு பிள்ளையின் தொகை மாறாது.

இரண்டாவது, உறைபொதியாக்கம். சங்கப் பணப்பெட்டியில் யாரும் நேரே கையிடுவதில்லை. பற்றுச்சீட்டு வழியாகவே பணம் உள்ளே செல்லும். அதுபோல, செலுத்திய தொகையை வெளியிலிருந்து எவரும் நேரே மாற்ற இயலாதவாறு மறைத்து, 'தொகையைச் சேர்' என்னும் செயல் வழியாக மட்டுமே மாற்ற விடுவது இம்முறை. தவறான தொகை வந்தால் அச்செயலே தடுத்து நிறுத்தும்.

மூன்றாவது, அருவமாக்கம். வயலில் மோட்டாரை இயக்குவோர்க்குப் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் போதும்; உள்ளே சுற்றும் கம்பிச்சுருளின் கணக்கு வேண்டா. பயன்படுத்துவோர்க்கு வேண்டியதை மட்டும் காட்டி, உள்நுட்பத்தை ஒதுக்கி வைப்பதே அருவமாக்கம்.

நான்காவது, மரபுரிமம். விடுதியில் தங்கும் மாணவர்க்கு அறை எண்ணும் உணவுக் கட்டணமும் கூடுதலாக வேண்டும். அதற்காகப் பதிவேட்டை முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. 'மாணவர்' என்பதிலிருந்து 'விடுதி மாணவர்' என்னும் புதிய இனக்குழுவைத் தருவித்தால், முன்னதன் பண்புகள் தாமே வந்து சேரும். வேண்டியதைக் கூட்டலாம், வந்த செயல் பொருந்தாதாயின் அதைப் புதிதாக எழுதிக்கொள்ளவும் செய்யலாம்.

ஐந்தாவது, பல்லுருவாக்கம். 'கட்டணம் கணக்கிடு' என்னும் கட்டளை ஒன்றே. அதைப் பெற்ற சாதாரண மாணவர்ப் பொருள் ஒரு விதமாகவும், விடுதி மாணவர்ப் பொருள் உணவுச் செலவையும் சேர்த்து வேறு விதமாகவும் விடை தரும். கட்டளையிடுபவர் இவர் எவ்வகையினர் எனக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இளைஞர்களே, மரபுரிமம் என்ற சொல்லில் சற்றே நிற்போம். நம் முன்னோர்க்கும் ஒரு மரபுரிமம் வாய்த்திருந்தது. தந்தையின் தொழிலே மகனுக்கு என்று விதித்த அதில், கூட்டவும் இடமில்லை, மாற்றவும் இடமில்லை. சாதி என்பது தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதினார். அந்த வரைவும் மனிதர் வரைந்ததே. மனிதர் வரைந்ததை மனிதர் திருத்தி எழுதலாம்.

நிரலிலும் அவ்வாறே. ஒரு பதிவேட்டில் எந்தக் கட்டம் வேண்டும், எதை யார் பார்க்கலாம், எதை மறைக்க வேண்டும் என்பதை இனக்குழுவை வரைபவரே முடிவு செய்கிறார். உதவித்தொகை, மருத்துவம், வங்கிக் கடன் அனைத்தும் இன்று இத்தகைய பதிவேடுகளின் வழியே நடைபெறுகின்றன. வரையும் இடத்தில் நம் பிள்ளைகள் இல்லாவிடில், நம் தேவை பிறர் நினைவுக்கு வந்தால்தான் அதற்கொரு கட்டம் கிடைக்கும். சிமுலாவைப் படைத்த நைகார்டு இதை உணர்ந்தவர். 1970-களின் தொடக்கத்தில் அவர் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். ஆலைக்குள் கணிப்பொறி நுழையும்போது தொழிலாளர் அதனை அறிந்திருக்கவும், அதுபற்றிப் பேசும் உரிமை பெறவும் வேண்டும் என்பதே அவ்வுழைப்பின் நோக்கம்.

தொடங்குவதற்குக் கணிப்பொறி வரும்வரை காத்திருக்க வேண்டா. ஒரு தாளை எடுங்கள். நியாயவிலைக் கடை, நூலகம், பேருந்து ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு, அதன் தரவு எவை, செயல் எவை, மறைக்கத்தக்கவை எவை என்று எழுதிப் பழகுங்கள். பிறகு பள்ளிக் கணிப்பொறியில் அதையே பைத்தான் மொழியில் எழுதலாம். அம்மொழி விலையின்றிக் கிடைப்பது. அடுத்த பதிவேட்டை வரையும் கை நம் தெருவிலிருந்து எழட்டும்.