பொழுதுபோக்காகப் பிறந்த இயங்குதளம்

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளின் தொடக்கநிலை, உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கான பயிற்சி நாள் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'திறந்த மூல மென்பொருள்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதன் விளக்கம், வகைகள், நன்மைகள் எல்லாம் பாடநூலில் இருக்கின்றன. அவற்றை நான் திரும்பப் படித்துக்காட்டினால் மதிய உணவுக்கு முன்பே உங்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். எனவே ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கணினியின் இயங்குதளத்தை, எந்த நிறுவனமும் சொல்லாமல், சம்பளம் இல்லாமல், ஆசைக்காக வீட்டில் உட்கார்ந்து எழுதியவர்களைப் பற்றிய செய்தி அது. பாடநூல் 'இயக்க அமைப்பு' என்கிறது. எனக்கு 'இயங்குதளம்' பழகிவிட்டது. இரண்டும் ஒன்றுதான்.

இதை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் இயக்க அமைப்புப் பாடம் நடத்தியபோது ஒரு மாணவன், "மிஸ், இதெல்லாம் ஃபேக்டரில மெஷின்தானே மிஸ் செய்யும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறார். வீட்டு மிக்சி நின்றுபோனால் அவனே பிரித்து கார்பன் பிரஷ் மாற்றுவான். நம் பகுதிப் பிள்ளைகள் இப்படித்தான். ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் பூந்தமல்லிப் பக்கத்து உதிரிபாகப் பட்டறைகளுக்கும் போய்வருகிறவர்களின் பிள்ளைகள். எதையும் பிரித்துப் பார்க்கத் தயங்காதவர்கள். ஆனால் கணினியின் திரைக்குப் பின்னால் இருப்பதை ஒரு மனிதர் எழுதியிருப்பார் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவே இல்லை. 'இயக்க அமைப்பு என்றால் என்ன?' என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அந்த மாணவன் சரியாகவே விடை எழுதினான். ஆனால் அது யாரோ எழுதிய ஒன்று என்பது அவனுக்குத் தெரியாது.

அவனுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். கதை ஓர் ஆசிரியரிடம் தொடங்குகிறது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர், இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்பதை மாணவர்களுக்குக் காட்ட விரும்பினார். விற்பனையில் இருந்தவற்றின் மூலநிரலை வகுப்பில் காட்ட உரிமம் இடம் தரவில்லை. ஆகவே தாமே மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதி, 1987-ல் பாடநூலோடு வெளியிட்டார். கற்பித்தல் துணைக்கருவி என்று நாம் சொல்வோமே, அதுதான் இது. நாம் சார்ட் அட்டையில் செய்வதை அவர் நிரலில் செய்தார்.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் புத்தகத்தைப் படித்தவர். புதிதாக வாங்கிய கணினியில் மினிக்ஸைப் போட்டுப் பார்த்தார். அதில் சில வசதிகள் போதவில்லை என்று தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். 1991 ஆகஸ்ட் 25-ம் நாள் மற்ற மினிக்ஸ் பயனர்களுக்கு அதை அறிவித்தபோது அவருக்கு வயது 21. இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்ற பொருளில்தான் அறிவித்தார். அடுத்த மாதம் வெளியான முதல் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகள் இருந்தன. அதுதான் லினக்ஸ். இன்று உங்கள் கைப்பேசி ஆண்ட்ராய்டு என்றால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸின் கருவகம்.

இந்தக் கதை சென்னைக்கும் வந்தது. லினக்ஸ் கருவகத்தைக் கொண்டு, தன்னார்வலர்கள் 1993 முதல் உருவாக்கிவரும் டெபியன் என்ற தொகுப்பு இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-ல் 'பாஸ்' என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. 2011-ல் நம் மாநிலத்தில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. கணினியை இயக்கியதும் இரண்டு பெயர்கள் வரும், நினைவிருக்கிறதா? பெரும்பாலானோர் ஒரு பெயரைத்தான் தொட்டார்கள். இன்னொன்று எங்கிருந்து வந்தது என்று சொல்லித்தர ஆள் இல்லை என்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். கருவியைக் கொடுத்தோம், கதையைக் கொடுக்கவில்லை.

சரி, 1991-ல் நடந்தது அந்தக் காலம், இப்போது கணினி அவ்வளவு சிக்கலாகிவிட்டதே, தனிமனிதர் தொடங்க முடியுமா என்று கேட்கலாம். அந்த மாணவனும் கேட்டான். அவனுக்குக் காட்டியது செரினிட்டி ஓ.எஸ்.

சுவீடனைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கிளிங் என்பவர் 2018-ல் தொடங்கியது இது. முன்பு ஆப்பிள் நிறுவனத்தில் இணைய உலாவி சார்ந்த பணியில் இருந்தவர். போதைப் பழக்கத்திலிருந்து மீளும் சிகிச்சையை முடித்துக்கொண்டு வந்தபோது, நாள் முழுவதும் நேரம் மிச்சமாக இருந்தது. அந்த நேரத்தை நிரப்பத்தான் எழுதத் தொடங்கினேன் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மன அமைதி வேண்டும் ஒரு பிரார்த்தனையின் பெயரையே அதற்கு வைத்தார். மேல்நிலை வகுப்புகளை நடத்துகிற நமக்கு இந்தப் பகுதி தனியாகப் பயன்படும். எப்படிப் பயன்படுத்துவது என்று உங்களுக்கே தெரியும்.

இதில் வியப்பு என்னவென்றால், அவர் லினக்ஸைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கருவகம், சாளரம், பொத்தான், எழுத்துரு, உரைத்தொகுப்பி, உலாவி, விளையாட்டு என எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவது என்று முடிவு செய்தார். பிறர் எழுதிய நிரலைக் கொண்டுவந்து ஒட்டுவதில்லை என்பது கொள்கை. வீட்டுக்கு வேண்டிய செங்கல்லையும் தானே சுட்டுக்கொள்வது போல. எழுதும்போதே அதைக் காணொளியாகப் பதிவுசெய்து யூடியூபில் போட்டார். பார்த்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் பங்களித்தார்கள். 2021-ல் வேலையை விட்டுவிட்டு, ஆதரவாளர்கள் தந்த தொகையில் முழுநேரமும் இதையே செய்தார். இதற்குள் பிறந்த லேடிபேர்டு என்ற உலாவி தனியாக வளர்ந்து, 2024-ல் அவர் அதற்கே போய்விட்டார். இயங்குதளத்தை மற்ற தன்னார்வலர்கள் தொடர்கிறார்கள்.

பார்ப்பதற்கு 1990-களின் விண்டோஸ் போலச் சாம்பல் நிறப் பொத்தான்களோடு இருக்கும். அன்றாட வேலைக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவிக்கொள்ள ஆயத்தமான கோப்புகூட அவர்கள் தருவதில்லை. மூலநிரலை எடுத்து நீங்களே கட்டமைத்துக்கொள்ள வேண்டும். பயனரை அல்ல, செய்பவரைத்தான் அழைக்கிறார்கள். நான் அந்த மாணவனோடு உட்கார்ந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது என்பதற்கான நிரல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடிக் காட்டினேன். அது சி++ மொழியில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் நாம் நடத்துகிற அதே மொழி. அவனுக்கு எல்லாம் புரிந்தது என்று சொல்லமாட்டேன். 'இஃப்' புரிந்தது. 'கிளாஸ்' புரிந்தது. "மிஸ், இது நம்ம புக்ல இருக்கிற மாதிரியே இருக்கு" என்றான்.

இனித் தமிழாசிரியர்களுக்கு. நீங்கள் இதற்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் இதில் பாதி வேலை உங்களுடையது.

புதிதாக இயங்குதளம் எழுதுகிறவர் ஆங்கில எழுத்தைக் காட்டுவது ஓரளவு எளிது. ஒரு குறியீடு, ஒரு படம், அடுத்தது. தமிழ் அப்படி இல்லை. நம் எழுத்து 247. யூனிகோடில் தமிழுக்கென உள்ள பகுதியில் எண்கள், குறிகள் உட்பட 72 குறியீடுகள்தான் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. மிச்ச எழுத்துகள் சேர்க்கையால் வர வேண்டும். 'கொரட்டூர்' என்று எழுதுங்கள். நமக்கு ஐந்து எழுத்து: கொ, ர, ட், டூ, ர். கணினிக்கு ஒன்பது. க, ஒகரக் குறி, ர, ட, புள்ளி, ட, ஊகாரக் குறி, ர, புள்ளி. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் நடத்துகிறவர்கள் 'லென்' செயற்கூறில் இந்தச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். 9 என்று வரும். ஏன் 5 வரவில்லை என்று கேளுங்கள். அந்தப் பாடவேளை முழுவதும் போதாது.

'கொ'வில் இன்னொரு சிக்கல். கணினியில் 'க' முதலில், ஒகரக் குறி பிறகு. திரையிலோ அந்த ஒரே குறி 'க'வுக்கு முன்னால் கொம்பாகவும் பின்னால் காலாகவும் பிரிந்து நிற்க வேண்டும். தட்டச்சு படித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: பொறியில் கொம்பை முதலில் அடிப்போம், தமிழ்99 விசைப்பலகையில் 'க' அடித்துவிட்டு 'ஒ' அடிக்கிறோம். இப்படி இடம் மாற்றி அடுக்கித் தரும் வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல்தொகுப்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும், ஃபயர்பாக்ஸ், குரோம் உலாவிகளிலும் தமிழை ஒழுங்காகக் காட்டுவது அதுதான். அது சரியாக வேலை செய்யாத இடத்தில்தான் வெறும் புள்ளி வட்டத்தோடு கொம்பு தனியாகத் தொங்குவதைப் பார்க்கிறோம்.

அதே 'கொ'வை, கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக இட்டும் உருவாக்க முடியும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் 'கொரட்டூர்' இப்போது பத்துக் குறியீடு ஆகிவிடும். மாணவர் பெயர்ப் பட்டியலில் பெயர் கண்ணெதிரே இருந்தும், தேடினால் 'இல்லை' என்று வருகிறதே, அதற்கு இது ஒரு காரணம். 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் அடித்து ஔவையாரைத் தொலைப்பது இன்னொன்று. இவற்றைக் கண்டுபிடித்துச் சொல்ல நிரல் தெரிய வேண்டியதில்லை. எழுத்திலக்கணம் தெரிய வேண்டும். லினக்ஸ் முகப்புகளின் பட்டியல்களையும் செய்திகளையும் தமிழாக்கியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களே. 'கணியம்' என்ற மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. ஆனால் மொழிபெயர்ப்பில் இன்னும் இடைவெளி நிறைய. சில இடங்களில் தமிழைப் படித்துப் புரிந்துகொள்ள ஆங்கிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தச் சொற்களைத் திருத்த இங்கே அமர்ந்திருக்கும் தமிழாசிரியர்களைவிடத் தகுதியானவர் யார்?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 'டக்ஸ் பெயிண்ட்' போதும். பில் கெண்ட்ரிக் என்பவர் 2002-ல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இலவச ஓவிய மென்பொருள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரைந்து முடித்ததும், "இந்தத் தூரிகையை ஒருத்தர் உனக்காக எழுதி வச்சிருக்கார்" என்று ஒரு வரி சொல்லுங்கள். அந்த வயதுக்கு அவ்வளவு போதும்.

கடைசியாக, அந்த மாணவனின் அக்காவுக்கு 2012-ல் கிடைத்த மடிக்கணினி. பரண்மேல் கிடந்தது. அதில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே பாதுகாப்பு ஆதரவு நின்றுவிட்டது. நினைவகம் 2 ஜி.பி. தொடக்கத் திரை வரவே பத்து நிமிடம் ஆனது. முதலில் அக்காவின் திருமணப் படங்களையெல்லாம் பென்டிரைவில் நகலெடுத்தோம். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். பிறகு குறைந்த நினைவகத்தில் ஓடும் ஒரு லினக்ஸ் தொகுப்பை இன்னொரு பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் அப்படியே ஓடவிட்டுப் பார்த்தோம். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, தமிழ் தெரிகிறதா என்று சோதித்த பிறகுதான் நிறுவினோம். இப்போது அதில் பைத்தான் ஓடுகிறது. லிப்ரே ஆபீஸில் தட்டச்சு செய்கிறான். யூடியூப் திணறுகிறது. படிப்புக்கு அது ஒரு வகையில் நல்லதுதான் என்று அவன் அம்மா சொன்னார்.

உங்களில் ஒருவர் காலையில் கேட்டார்: "டீச்சர், இதைப் பள்ளி ஆய்வகக் கணினிகளில் செய்யலாமா?" வேண்டாம். அவை துறையின் பராமரிப்பில் உள்ளவை. தலைமையாசிரியரின் ஒப்புதலும் பொறுப்பாளரின் ஒப்புதலும் இல்லாமல் தொடக்கூடாது. வீட்டில் உறங்கும் பழைய கணினியில் செய்யுங்கள். நான்கு பென்டிரைவ் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். உணவு இடைவேளைக்குப் பிறகு, பழைய மடிக்கணினி கொண்டுவந்தவர்கள் பின்வரிசைக்கு வாருங்கள். சார்ஜரையும் எடுத்து வாருங்கள்; அந்த பேட்டரிகளை நம்ப முடியாது.