முசோரியில் ஏறாத மாமியார் மரக்காணத்தில் நடந்தார்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



2019-இல் முசோரி போனோம். டேராடூனிலிருந்து 35 கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க வளைவு. ஓட்டலிலிருந்து மால் ரோட்டுக்கு 80 படிகள். முழங்கால் வலியோடு என் மாமியார் மூன்று நாளும் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தார். "மலை நல்லா இருக்கு, எனக்குத்தான் எட்டலை" என்றார். அந்தப் பேச்சு என்னை விடவில்லை. போன பிப்ரவரியில் அவரை மரக்காணம் அழைத்துப் போனதற்கு அதுதான் காரணம்.

அடுத்த சுற்றுலாவுக்கு மரக்காணத்தை நான் சொன்னதும், "உப்பளத்தில் என்ன பார்க்க?" என்று பலர் கேட்டீர்கள். முதலில் போகும் வழி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர். தனியாகப் போகிறவர்கள் புதுச்சேரி பஸ்ஸில் ஏறும்முன் மரக்காணத்தில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் என்றால் திண்டிவனத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். ஊருக்குள் சுற்ற ஆட்டோ போதும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து வாடகை பேசிவிடுங்கள்.

தரை சமம், ஒரு படிகூடக் கிடையாது. அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. காலை ஒன்பதரைக்கே உப்பின் வெள்ளை கண்ணைக் கூசும். அதனால் ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். போட்டோ எடுக்கும் ஆசையில் வரப்பிலிருந்து பாத்திக்குள் ஒரு கால் வைத்துவிட்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "அம்மா, மேல ஏறுங்க, சேறு கலங்கிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. அந்தத் தரையை அவர்கள் காலாலேயே மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் இருப்பது சுமார் 35 கிராம் உப்பு. நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்ற விட்டுத்தான் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. இடையில் ஒரு மழை பெய்தால் எல்லாம் கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலையே இல்லை. அரசு தரும் 5000 ரூபாய் நிவாரணம் அதற்காகத்தான். ஆகவே நாம் வரப்பில் மட்டும், ஒருவர் பின் ஒருவராக, அங்கிருப்பவர்களைக் கேட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவர்களைப் படம் எடுப்பதானாலும் கேட்டுத்தான்.

மாமியார் கைத்தடியோடு நாற்பது நிமிடம் நடந்தார். "இது எனக்கு எட்டுது" என்றார்.

பக்கத்திலேயே கழுவேலி ஏரி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் குளிர்காலத்தில் வரும், உப்பு வெயிலில் விளையும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் பிப்ரவரிதான் சரி. வெயில் ஏறிய பிறகு பூமீஸ்வரர் கோயிலுக்குள் உட்காரலாம். சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு, நிழலும் உண்டு. திரும்பும்போது கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. அங்கே மணலில் நடக்க வேண்டும். முடியாதவர்கள் வண்டியிலேயே இருக்கலாம்.

கல்லுப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டையாக வாங்கி வராதீர்கள். அதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். ஊறுகாய்க்கு இரண்டு கிலோ போதும், தினச் சமையலுக்குப் பாக்கெட் உப்பே இருக்கட்டும்.

வண்டி காலை நாலரைக்குக் கிளம்பும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன் இருக்கைக்கு இப்போதே பெயர் கொடுங்கள். ஒன்றாம் எண் இருக்கையை என் மாமியார் ஏற்கெனவே எழுதி வாங்கிவிட்டார்.