திரும்பி வரும் நோயாளியும் உடன் வராத தகவலும்

சிறுநீரக மருத்துவர்கள், அறுவை மருத்துவர்கள், தொற்றுநோய் வல்லுநர்கள், மாற்று ஒருங்கிணைப்பாளர்கள் எனப் பலரும் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமையேற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

வெளிநாடு சென்று உறுப்பு மாற்றிக்கொள்பவர்களின் உடல்நல ஆபத்துகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். சென்னையில் நின்று இதைப் பேசும்போது நாம் தள்ளி நின்று பேச முடியாது. சிறுநீரக விற்பனை நடந்ததால் நம் வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்று நாளேடுகள் எழுதிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பம்பாயிலும் அதே வணிகம் நடந்தது. ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் நாடுகளிலிருந்து பம்பாய்க்கு வந்து, விலைக்குச் சிறுநீரகம் பெற்றுத் திரும்பிய 130 பேரைப் பற்றிய ஆய்வு 1990இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. அவர்களிடையே இறப்பு அதிகம் என்பதை அதன் தலைப்பே சொன்னது. சிலர் எச்.ஐ.வி. தொற்றோடும் சிலர் மஞ்சள்காமாலைக் கிருமியோடும் ஊர் திரும்பியிருந்தார்கள். உயிர் பிழைக்க வந்தவர்களுக்கு நம் மண்ணில் நேர்ந்தது இது.

ஏன் அப்படி நேர்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அண்ணனுக்குச் சிறுநீரகம் தரும் தங்கை தனக்கு எப்போதோ காமாலை வந்ததை மறைக்க மாட்டாள்; மறைத்தால் பாதிக்கப்படுவது அவள் அண்ணன்தான். கடனுக்காக விற்பவரின் நிலை வேறு. உண்மையைச் சொன்னால் பேரம் முறிந்துவிடும், வட்டிக்காரர் வாசலில் நிற்பார். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் கண்டு எழுதிய ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு உடல்நலம் குன்றியதாக 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். பெரும்பாலோரின் கடனும் தீரவில்லை. இப்படிப்பட்ட ஒருவரின் வாய்மொழியை நம்பித்தான் வாங்குபவரின் பாதுகாப்பு இருக்கிறது. பரிசோதனை இருக்கிறதே என்பீர்கள். எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் வழக்கமான எதிர்பொருள் பரிசோதனை ஒன்றும் காட்டாது. அந்த இடைவெளியை நிரப்பப் பெரிதும் உதவுவது கொடையாளரின் நேர்மையான வாக்குமூலம். விற்பவருக்கு இழைக்கப்படும் அநீதியையும் பெறுபவருக்கு வரும் நோயையும் இரண்டு தனித்தனி அமர்வுகளில் பேசுவது நம் வழக்கம். அவை ஒரே பேரத்தின் விளைவுகள் என்பதே என் கருத்து.

இனி, வெளிநாட்டில் உறுப்பு மாற்றிக்கொண்டு நம்மிடம் திரும்பி வருபவரைப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து நேராக நம் அறைக்கு வருகிறார். கையில் ஒரே பக்கத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி. கொடையாளர் பற்றி ஒரே வரி: உயிருடன் உள்ளவர், வயது 28. சைட்டோமெகலோ வைரஸ் பரிசோதனை செய்தார்களா, அறுவைக்கு முன் எந்த மருந்து ஊசியாகப் போட்டார்கள், உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் கடைசியாக எவ்வளவு இருந்தது, எதுவும் அதில் இல்லை. மாத்திரைப் பட்டையில் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால், சிறுநீர்க் குழாயில் இரு முனையும் சுருண்ட ஸ்டென்ட் ஒன்று தெரிகிறது. சில வாரங்களில் எடுத்துவிட வேண்டிய அது உள்ளே இருப்பது அவருக்கே தெரியாது, யாரும் சொல்லவில்லை. அப்படியே விட்டால் அதன்மேல் உப்புப் படிந்து, கிருமி குடியேறி, நல்ல சிறுநீரகமும் கெடும்.

காய்ச்சல் வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. பூஞ்சையா, காசநோயா, மருத்துவமனையில் ஒட்டிக்கொண்ட, மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவா? காசநோய் என்று ரிஃபாம்பிசின் தொடங்கினால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் சரிந்து, உடல் உறுப்பை நிராகரிக்கத் தொடங்கும். பூஞ்சைக்கென்று வொரிகோனசோல் கொடுத்தால் அதே டாக்ரோலிமஸ் எகிறிச் சிறுநீரகத்தையே தாக்கும். அளவை எந்தப் புள்ளியிலிருந்து மாற்றுவது? முந்தைய கணக்கு நம்மிடம் இல்லையே.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் மையம் இப்படித் திரும்பிய 33 பேரை உள்ளூரில் மாற்று பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2008இல் எழுதியது. முதல் ஆண்டில் நிராகரிப்பு 30 விழுக்காடு. உள்ளூரில் பெற்றவர்களிடம் 12. பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்று. ஒன்பது பேர் அதற்காக மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் 89 விழுக்காட்டுச் சிறுநீரகங்கள் வேலை செய்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கிடப்பவருக்கு அந்த எண்தான் கண்ணில் படும். பக்கத்து நாற்காலிக்காரர் போய்விட்டு நன்றாக வந்தார் என்பதுதான் காதில் விழும். ஆபத்தைப் பெரிதாக்கிப் பயமுறுத்தினால் அவர் நம்மை நம்ப மாட்டார். உள்ளதை உள்ளபடி, அவர் தரகரிடம் பேசுவதற்கு முன்பே, டயாலிசிஸ் தொடங்கும் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சொல்லியும் போய் வந்தால்? அவரைக் கடிந்து அனுப்பும் மருத்துவர்கள் உண்டு. சட்டத்துக்குப் புறம்பான வணிகத்தின் மேல் எனக்கும் அதே கோபம் இருக்கிறது. கோபம் தரகர் மீதும், கத்தி பிடித்தவர் மீதும் போகட்டும். நம் முன்னால் நிற்பவருக்குக் காய்ச்சல் 102 டிகிரி. கதவைச் சாத்தினால் அவர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொள்வார். நமக்குத் தெரிய வேண்டியதை இன்னும் ஆழமாக மறைப்பார்.

கடைசியாக, நம் பக்கத்துக் கணக்கு. பயணம் எல்லாமே குற்றமல்ல. தன் நாட்டில் வசதியில்லாமல் சொந்தத் தாயையோ தம்பியையோ கொடையாளராக அழைத்து வருபவரை 2008ஆம் ஆண்டின் இஸ்தான்புல் பிரகடனமும் உறுப்பு வாங்க வருபவரோடு சேர்க்கவில்லை. அப்படி வருவோருக்கு நம் மருத்துவமனைகளிலும் மாற்று செய்கிறோம். அவர்கள் ஊர் திரும்பும்போது நாம் கொடுத்தனுப்பும் தாள் எப்படி இருக்கிறது? கொடையாளரின் தொற்றுப் பரிசோதனை முடிவுகள், மருந்தின் பொதுப்பெயர், கடைசி ரத்த அளவு, ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதி, அங்கே பொறுப்பேற்கும் மருத்துவரின் ஒப்புதல், இரவிலும் நாம் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கின்றனவா? அந்தக் கொடையாளரையும் ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்க ஆள் இருக்கிறாரா? பிற்பகல் அமர்வில் இதற்கான படிவத்தின் வரைவு உங்கள் முன் வைக்கப்படும். வரிவரியாகத் திருத்துங்கள், விடுபட்டதைச் சேருங்கள். நாளை மாலைக்குள் அதை எல்லா மாற்று மையங்களும் ஏற்கும் வடிவில் முடித்துத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.