ஐந்தடிப் பாடலில் மூன்று வினாக்கள்



யாப்பு என்றதும் நம் மாணவர் பலர் அஞ்சுகின்றனர். உரையை மனப்பாடம் செய்தால் போதும் எனக் கருதுகின்றனர். அவ்வச்சம் நீங்கவே குறுந்தொகையின் 40ஆம் பாடலை இன்று எடுத்துக்கொண்டோம்.

தலைவன் தன்னைப் பிரிவானோ எனத் தலைவி அஞ்சுகின்றாள். அவள் குறிப்பறிந்து அவன் கூறும் ஐந்தடிகளே இப்பாடல்.

முதல் மூன்றடிகளும் வினாக்கள். முதலடி இருவர்தம் தாயரை வைத்து உறவை வினவுகின்றது. இரண்டாமடி தந்தையரை வைத்து வினவுகின்றது. மூன்றாமடி காதலர் இருவரையுமே வினவுகின்றது. ஒவ்வோரடியும் நாற்சீர். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ‘உம்’ இருமுறை வந்து, இருவரையும் இருவராகவே நிறுத்துகின்றது.

நான்காமடி முச்சீராய்க் குறுகுகின்றது. ஈற்றயலடி இவ்வாறு வருவதே நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். வினாக்களின் ஓட்டம் நின்ற அவ்விடத்திலேதான் உவமை அமைகின்றது: செம்மண் நிலத்திற் பெய்த மழைநீர். அடுத்த அடியில் நெஞ்சங்கள் கலக்கின்றன. அங்கே ‘உம்’ இல்லை.

வானத்து நீர்க்கும் மண்ணுக்கும் முன்னுறவு இல்லை. கலந்தபின் நீர் மண்ணின் நிறமே பெறுகின்றது. பிரிவஞ்சிய பெண்ணுக்கு இதனினும் தக்க ஆறுதல் உண்டோ?

மூன்று வினாக்களுள் ஒன்றற்கேனும் நேர்விடை இல்லை என்பதையும் நோக்குங்கள். விடை வேண்டுவதில்லை என்பதே விடை.

இப்பாடல் சாதியைப் பேசிற்று என வலிந்துரைக்க மாட்டோம். ஆயினும் “யார் வீட்டுப் பிள்ளை? எந்தத் தெரு?” என்னும் வினாக்களைக் கேட்டே வளர்ந்தவர் நாம். அவற்றின் உள்நோக்கமும் அறிவோம். ஆதலின் அம்மூன்றடிகள் நம் செவியில் மிகுந்த அழுத்தத்தோடு ஒலிக்கின்றன.

பாடிய புலவரின் இயற்பெயரை நாம் அறியோம். பிறந்த குலமும் அறியோம். தாம் படைத்த உவமையாலேயே அவர் செம்புலப்பெயனீரார் எனப்பட்டார். பிறப்புத் தந்த பெயர் மறைந்தது. உழைப்புத் தந்த பெயர் நிலைத்தது.

இளைஞர்களே! இன்று வீடு சென்றதும் இப்பாடலை எடுத்து, நான்காமடியின் சீர்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்த்தவர்க்கு இலக்கணம் அயலார் உடைமை அன்று. இலக்கியமும் அன்னதே.