வீட்டிற்கு ஓர் அலை, அலுவலகத்திற்கு ஓர் அலை

திருவனந்தபுரத்தின் பழைய வீடுகள் பலவற்றிற்கு வெட்டுக்கற் சுவர்கள். 1990-இல் தோன்றிய டெக்னோபார்க்கில் பலர் கூடிப் பணிபுரியும் அலுவலகங்கள். இவ்விரண்டிற்கும் ஒரே வைஃபை முறை பொருந்துமா?

1999-இல் வகுக்கப்பெற்ற இரு தரங்களை நோக்குவோம். 'பி' தரம் 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 11 மெகாபிட் வரையும், 'ஏ' தரம் 5 கிகாஹெர்ட்ஸில் 54 வரையும் அனுப்ப வல்லவை. முன்னதன் அலை நீண்டது; சுவரை எளிதிற் கடக்கும். ஆயின், ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றே. பின்னதில் தடங்கள் பல. சுவரோ அதற்குப் பகை. பின்வந்த தரங்கள் வேகத்தைப் பெருக்கினவேயன்றி இவ்வியல்பை மாற்றவில்லை.

இன்றைய கருவிகள் பல இரண்டு அலைகளையும் தருகின்றன. நெருக்கமான அலுவலகத்திற்கு 5. தடித்த சுவருக்கப்பால் பிள்ளை பாடங்கேட்கும் வீட்டிற்கு 2.4. பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பிப் பணத்தைச் செலவிடுமுன், நம் சுவரை ஒருமுறை தட்டிப் பார்ப்போமாக.