பட்டணம் போகும் நம் பிள்ளைகளுக்கு



தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாக வந்தன. வேலை போனால் லயமும் போயிற்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் பெரியவர்கள் அதைக் கண்ணால் கண்டார்கள். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்தது. இன்று நம் பிள்ளைகள் கெலுகோரில் அறை எடுத்து அங்குள்ள ஆலைகளுக்குப் போகிறார்கள்.

அங்கே வீட்டுக்காரர் வேறு, முதலாளி வேறு. இருவரிடமும் எழுத்து வேண்டும். அறைக்கு இரண்டு மாத வாடகை முன்பணம் கேட்பது வழக்கம். கொடுங்கள், ரசீதில்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். குழாய், கதவு, விளக்கு இருந்த நிலையை அன்றே படம்பிடித்து வையுங்கள். வெளியேறும் நாளில்தான் பழைய விரிசலுக்கெல்லாம் புதுக் கணக்கு வரும்!

சம்பளச் சீட்டை வீசிவிடாதீர்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. சேமநிதிக்குப் பிடித்த பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சீட்டில் பிடித்திருப்பார்கள், கணக்கில் ஏறியிருக்காது. மாதந்தோறும் கைப்பேசியில் பாருங்கள். ஏறாவிட்டால் நேரே சேமநிதி அலுவலகத்தில் புகார் செய்யலாம், வக்கீல் தேவையில்லை.

அடையாளக்கார்டில் முகவரியை 30 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். லயத்துக்கு வரும் கடிதத்தைக் கெலுகோருக்கு யார் சுமப்பது?

இங்கே பாரம் நிரப்ப நாங்கள், கிராணிமார், இருந்தோம். அங்கே அவரவரே நிரப்ப வேண்டும். புரியாததில் கையெழுத்திடாதீர்கள். தீபாவளிக்கு வரும்போது சீட்டுகளைக் கொண்டுவாருங்கள். சங்கக் கிளையில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.