குறிப்பும் மேற்கோளும்



எதைக் கற்க வேண்டும் என்று சொல்வோர் பலர்; கற்றதை எங்கே கற்றோம் என்று பதிந்து வைப்பது பற்றிச் சொல்வோர் மிகச் சிலர். பள்ளியில் ஒரு பாடத்திற்கு ஒரு நூல். கல்லூரியில் ஐந்தாறு நூல்கள். ஆராய்ச்சி மாணவராகிவிட்டாலோ நூற்றுக்கணக்கான நூல்களும் கட்டுரைகளும் வந்து குவிகின்றன. ஒருவர் கூறிய கருத்து மற்றொருவர் பெயரில் நினைவில் நிற்கிறது. அந்நிலையில் நமக்குத் துணையாவது ஒழுங்காகக் குறிப்பெடுக்கும் பழக்கமே.

மேற்கோளுக்கு இடம் சுட்டுவது தேர்வாளருக்காகச் செய்யும் வெறும் சடங்கு என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சான்று. நச்சினார்க்கினியர் சீவக சிந்தாமணிக்கு உரை எழுதுங்கால் பழம் பாடல்களின் அடிகளை ஏராளமாக எடுத்துக் காட்டினார். ஆனால் அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று பல இடங்களில் கூறாமல் விட்டார். அக்காலத்து மாணாக்கர்க்கு அந்நூல்கள் மனப்பாடமாக இருந்திருக்கலாம். காலம் மாறிற்று, நூல்கள் ஏட்டுச் சுவடிகளில் உறங்கின. பின்னாளில் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, அவ்வடிகளின் பிறப்பிடம் அவருக்குப் பெரும் புதிராக இருந்தது. பத்துப்பாட்டு, எட்டுத்தொகைச் சுவடிகளைப் படிக்கப் படிக்கத்தான் உரையில் கண்ட அடிகள் அவற்றில் ஒவ்வொன்றாகத் தென்பட்டன. சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. ஒருவர் எழுதாமல் விட்ட நூற்பெயர்கள், மற்றொருவருக்கு எத்துணை உழைப்பாயின, பாருங்கள்!

இதற்கு மறுபுறமும் உண்டு. வளையாபதி என்னும் காப்பியம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலும் சில உரைகளும் எடுத்தாண்ட ஏறத்தாழ 70 பாடல்களே எஞ்சியுள்ளன. புறத்திரட்டைத் தொகுத்தவர் பாடலோடு நூலின் பெயரையும் எழுதி வைத்தார். நூல் மறைந்தது, குறிப்பு நின்றது.

இனி, நடைமுறைக்கு வருவோம். நூலைத் திறந்ததும் முதலில் எழுத வேண்டியது ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்னும் விவரங்கள். பதிப்பு மாறினால் பக்க எண்ணும் மாறும். ஆகவே பழைய இலக்கியத்திற்குப் பக்க எண்ணோடு பாட்டெண்ணையும் குறித்துக் கொள்வது நலம். பழைய தமிழ் நூல்கள் சிலவற்றில் பிரபவ, விபவ என்னும் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருக்கும். அப்பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவது. 1867-இலும் பிரபவ ஆண்டு பிறந்தது, 1927-இலும் பிறந்தது. எனவே நூலில் உள்ளபடியே எழுதிக் கொண்டு, ஆங்கில ஆண்டைப் பிற சான்றுகளால் தெளிந்து அருகே குறிக்க வேண்டும்.

இரண்டாவது, நூலாசிரியரின் சொல், அவர் கருத்தை நாம் சுருக்கிய சொல், நமக்கே தோன்றிய எண்ணம் ஆகிய மூன்றும் குறிப்பேட்டில் ஒன்றோடொன்று கலக்கலாகாது. என்னுடன் ஆராய்ச்சி செய்த நண்பர் ஒருவர் மிக நேர்மையானவர். ஆனால் குறிப்பெடுக்கும்போது மேற்கோள் குறி இடமாட்டார். ஈராண்டு கழித்து ஆய்வேட்டை எழுதியபோது, பிறருடைய பத்தி ஒன்றைத் தம்முடையது என்றே நம்பிச் சேர்த்துவிட்டார். தேர்வாளர் அதனைக் கண்டு வினவினார். களவாட வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்குக் கனவிலும் இல்லை. எனினும் அதை மெய்ப்பிக்க அவரிடம் சான்று ஏதும் இல்லை. அந்த இயல் முழுவதையும் மீண்டும் எழுத நேர்ந்தது. அன்று முதல் நான் மூன்று நிற மையைப் பயன்படுத்தி வருகிறேன். பிறர் சொல் நீலம், சுருக்கம் கறுப்பு, என் எண்ணம் சிவப்பு.

மூன்றாவது, ஒருவர் மேற்கோளாகக் காட்டியதை மூலத்தைப் பாராமலே நாமும் எடுத்துக் காட்டுவது தகாது. முதல்வர் செய்த பிழை அவ்வழியே பத்துப் பேர் நூல்களில் ஏறிவிடும். மூலம் கிட்டாவிடில், இன்னார் நூலிலிருந்து எடுத்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

எடுத்த குறிப்பு வேண்டும்போது கைக்கு எட்ட வேண்டும். செருமானியச் சமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமன் (1927–1998) ஏறத்தாழ 90,000 சீட்டுகளை எழுதிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் உண்டு. ஒரு சீட்டு மற்றொரு சீட்டைச் சுட்டும். படித்த நூல்களின் விவரங்கள் தனியே இருந்தன. அந்தப் பெட்டிகளின் துணைகொண்டே அவர் எண்ணற்ற நூல்களையும் கட்டுரைகளையும் எழுதினார்.

இன்று அவ்வேலையைக் கணினி செய்கிறது. 2006-இல் வெளிவந்த சோட்டெரோ என்னும் இலவச மென்பொருள், நூல் விவரங்களைச் சேமித்து, வேண்டிய முறையில் மேற்கோள் பட்டியலை அமைத்துத் தருகிறது. ஆயினும் நம் பெயர் மரபை அது அறியாது. தலைப்பெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது என்றும், நூலகத்தில் மு. வரதராசனாரை ‘வ’ என்னும் எழுத்தின்கீழ்த் தேட வேண்டும் என்றும் நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். வினவியதும் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, சில வேளைகளில் இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் புனைந்து தந்துவிடுகின்றன. கருவி தந்த ஒவ்வொரு குறிப்பையும் நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நண்பர்களே, மேற்கோள் குறிப்பு இருவருக்கு நாம் செலுத்தும் கடன். நமக்கு முன்னே உழைத்தவர்க்கு அது நன்றி. நமக்குப் பின்னே வருபவர்க்கு அது வழிகாட்டும் கல். நாளை நீங்கள் புரட்டும் முதல் நூலிலிருந்தே இப்பழக்கத்தைத் தொடங்குங்கள். பட்டம் பெறும் நாள்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.